மழையில கரண்ட் போய்ப் போய் வந்ததுக்கு அப்புறம் பிஎஸ்4 ஆன் ஆகல, பவர் சப்ளை மாத்தணுமா?

செங்கோட்டையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காங்க. வீட்ல பிஎஸ்4 ஸ்லிம், அதான் ப்ளேஸ்டேஷன் 4 கேம் செட்டுல ஒல்லி மாடல், அப்பா சவூதியில இருந்து வரும்போது கொண்டு வந்தது, போன வாரம் காத்து மழையில கரண்ட் போய்ப் போய் வந்துச்சு, அதுக்கு அப்புறம் பட்டனை அமுக்கினா லைட்டும் இல்ல பீப்பும் இல்ல, கடையில செட்டைத் திறக்காமலே பவர் சப்ளை போச்சு மாத்தணும்னுட்டாங்க, ஆன்லைன்ல வாங்கி நானே போடலாமா அண்ணாச்சி, போட்டா திரும்பப் போகாதா?

தம்பி, கடைசியாக் கேட்டீங்க பாருங்க, திரும்பப் போகாதான்னு, அதுல இருந்து ஆரம்பிக்கேன். போகும். சப்ளைங்கறது செவுத்துக் கரண்டை செட்டுக்கு வேண்டிய 12 வோல்ட் டிசியா மாத்திக் குடுக்கற பெட்டி, முதல் சப்ளையை எது கொன்னுச்சுன்னு பாக்காம புதுசு வாங்கி மாட்டினா அதே லைன்ல அதே பிளக்குல அதுவும் போகும். எங்க கடைக்கு ஆரியங்காவு தென்மலையில இருந்தும் செட்டு வருது, பண்பொழி இலஞ்சியில இருந்தும் வருது, தானா வயசாகிச் செத்த சப்ளையை விட வெளிய இருந்து அடி வாங்கிச் செத்த சப்ளைதான் நான் நெறைய பாக்குதேன். அது போக, சப்ளை போச்சுன்னு சொல்லிக் கொண்டு வர்றதுல கணிசமானதுல சப்ளை நல்லாவே இருக்கும். அதனால செவுத்துல ஆரம்பிச்சு உள்ள வருவோம், செட்டைக் கழட்டறது கடைசி.

சவூதி செட்டுன்னு சொன்னீங்கல்ல, அந்தக் கார்டுல தட்டையா மூணு பின் வச்ச பெரிய பிளக் இருக்கும், பிரிட்டிஷ் மாடல். அந்தப் பிளக்குக்கு உள்ளயே ஒரு ஃபியூஸ் இருக்கு, இந்த மாதிரி சின்னக் கார்டுக்கு 3 ஆம்பியர் போட்டிருப்பாங்க, நம்ம ஊர் பிளக்குல அப்படி ஒண்ணு கிடையாதுங்கறதால யாரும் அதை யோசிக்கறதே இல்ல. பின்னுக்கு நடுவுல ஒரு சின்ன மூடி தெரியும், ஸ்க்ரூ டிரைவரை வச்சு நெம்பினா ஒரு இன்ச் நீளத்துல வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் ஒண்ணு வெளிய வரும். மல்டிமீட்டரை கண்டினியூட்டியில, அதாவது கம்பி அந்து போகாம இருந்தா பீப் அடிக்கற இடத்துல வச்சு ரெண்டு முனையிலயும் தொடுங்க, சத்தம் வரலன்னா அதான் போயிருக்கு, செட்டுக்கு ஒண்ணும் இல்லாமக் கூட இருக்கலாம்.

ஃபியூஸ் நல்லா இருந்தாலும் அந்தப் பிளக்கை நம்ம சாக்கெட்ல சொருக ஒரு மல்ட்டி அடாப்டர் போட்டிருப்பீங்க, அதைக் கையில எடுத்துப் பாருங்க. பித்தளைத் தகடு விரிஞ்சு லூஸா இருக்கும், ஓரத்துல பிளாஸ்டிக் பழுப்பாக் கருகி, மோந்து பாத்தா தீஞ்ச வாடை அடிக்கும். வெளிநாட்டுல இருந்து ஆளுங்க வந்து போற வீடுன்னா கடையநல்லூர்ல இருந்து புளியங்குடி வரைக்கும் இந்த அடாப்டர் இல்லாத வீடு கம்மி. லூஸ் காண்டாக்ட்ல கரண்ட் செகண்டுக்குப் பல தடவை விட்டு விட்டு வரும், ஒவ்வொரு தடவையும் சப்ளைக்குள்ள கரண்டைத் தேக்கி வைக்கற பெரிய கண்டன்சர் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஆகும், அந்த அடி எல்லாம் ஏசியை டிசியா மாத்தற பிரிட்ஜ் டையோடு மேலயும் ஃபியூஸ் மேலயும்தான் விழும். அடாப்டரைத் தூக்கிப் போட்டுட்டு ரேடியோ கார்டுன்னு கேட்டு ஐஎஸ்ஐ போட்ட ரெண்டு பின் கார்டு ஒண்ணு வாங்குங்க, செட்டுல சொருகற முனை எட்டு மாதிரி இருக்கணும், ஸ்லிம்முக்கு அதான் சேரும். பிஎஸ்4 ப்ரோவுல முதல்ல வந்த மாடல்னா கம்ப்யூட்டர் கார்டு வேணும், அது வேற. புதுக் கார்டை முதல்ல வேற ஒரு சாமான்ல சொருகி ஓடுதான்னு பாத்துட்டு செட்டுல சொருகுங்க. கார்டு விஷயம் சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க, 2005ல மைக்ரோசாஃப்ட் முதல் எக்ஸ்பாக்ஸுக்கு 1 கோடியே 41 லட்சம் பவர் கார்டை மாத்திக் குடுத்தாங்க, தீப்பிடிக்கற அபாயம் இருக்குன்னு.

அடுத்து சாக்கெட். டெஸ்டரை வச்சு எரியுதே கரண்ட் இருக்கேன்னு சொல்லுதாங்க, டெஸ்டர் எரிஞ்சா ஃபேஸ் வருதுன்னு மட்டும்தான் அர்த்தம், கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் கம்பி இருக்கா இல்லையான்னு அது சொல்லவே சொல்லாது. நியூட்ரல் அந்து போன சாக்கெட்லயும் டெஸ்டர் ஜம்முனு எரியும், சாமான் ஓடாது. மீட்டரை ஏசி 750 ரேஞ்சில வச்சு ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல பாருங்க, 230 பக்கம் வரணும், 200ல இருந்து 250 வரைக்கும் இருந்தா செட்டு ஓடும். அப்புறம் வீட்ல யாரையாவது மிக்ஸியோ அயர்ன் பாக்ஸோ போடச் சொல்லிட்டு மீட்டரையே பாத்துட்டு நில்லுங்க, ஊசி வேண்டாம் டிஜிட்டல் மீட்டரே போதும். அயர்ன் பாக்ஸ் போட்டதும் பத்து வோல்ட் எறங்கினா பரவால்ல. போட்டதும் ரொம்ப எறங்கி, அயர்ன் பாக்ஸை நிறுத்தினதும் 260, 280னு ஏறிச்சுன்னா உடனே மெயினை ஆஃப் பண்ணிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, நியூட்ரல் எங்கயோ லூஸா இருக்கலாம்.

இந்த நியூட்ரலைப் பத்திக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும், ஏன்னா நம்ம பக்கம் கேம் செட்டு டிவி செட்டாப் பாக்ஸ் எல்லாம் சேந்து ஒரே நாள்ல சாகறதுக்கு இதான் காரணம். தெருவுல வர்றது மூணு ஃபேஸ், ஒரு வீடு ஒரு ஃபேஸ்ல பக்கத்து வீடு இன்னொரு ஃபேஸ்ல இருக்கும், எல்லாத்துக்கும் நியூட்ரல் ஒண்ணுதான். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230 வோல்ட், ஆனா ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல பாத்தா 400க்கு மேல, கணக்குக்கு 415னு வச்சுக்கிடுவோம். ஆனி ஆடியில கணவாய்க் காத்து சுத்தி அடிக்கும்போது தென்னை மட்டையோ கொப்போ விழுந்து கம்பத்துல நியூட்ரல் கம்பி மட்டும் அந்து போச்சுன்னா உங்க வீடும் எதுத்த வீடும் சீரிஸ்ல, அதாவது ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வந்துரும், அந்த 415ஐ ரெண்டு வீடும் பங்கு போடும். யாரு வீட்ல கிரைண்டர் ஹீட்டர்னு லோடு அதிகமா ஓடுதோ அங்க வோல்டேஜ் கம்மி ஆகும், யாரு வீட்ல ரெண்டு எல்இடி பல்பும் ஒரு டிவியும் மட்டும் ஓடுதோ அங்க 300, 350னு ஏறும். கம்மி லோடு போட்ட வீடுதான் அடி வாங்கும், ஜனங்களுக்கு இது புரியறது இல்ல, நாங்க ஒண்ணுமே பெருசாப் போடலையே எங்களுக்கு ஏன் போச்சுன்னு கேக்காங்க.

பிஎஸ்4 சப்ளை 100ல இருந்து 240 வரைக்கும் ஏத்துக்கிடும், கொஞ்சம் மேல போனாலும் தாங்கும், 300ல தாங்காது. உள்ள ஃபியூஸுக்குப் பின்னாடி நீலமாவோ மஞ்சளாவோ வட்டமா ஒரு வேரிஸ்டர் இருக்கும், வோல்டேஜ் எல்லை தாண்டினா அது தன்னை ஷார்ட் ஆக்கி ஃபியூஸை எரிச்சுட்டு பின்னாடி இருக்கறதைக் காப்பாத்தும். அப்படிச் செத்த சப்ளையில ஃபியூஸும் வேரிஸ்டரும் மாத்தினா சில சமயம் பொழச்சுக்கும். அதையும் தாண்டி வந்தா பெரிய கண்டன்சர் மேல் மூடி பிதுங்கிரும், அது 400, 450 வோல்ட் தாங்கறது, 415 ஏசின்னா உச்சத்துல 587 வோல்ட் வருது.

அதனால நான் உங்ககிட்ட கேக்கறது, அன்னிக்கு வீட்ல வேற எதாவது போச்சா? எல்இடி பல்பு திடீர்னு ரொம்பப் பிரகாசமா எரிஞ்சு அணைஞ்சதா, ஃபேன் கன்னாபின்னான்னு வேகமாச் சுத்துச்சா, பக்கத்து வீட்ல ஃபிரிட்ஜ் போச்சுன்னு பேச்சு வந்துச்சா? ஒண்ணுக்கு ஆமான்னாலும் முதல்ல லைன்மேன்கிட்ட சொல்லி கம்பத்துல இருந்து உங்க மீட்டர் போர்டு வரைக்கும் நியூட்ரல் ஜாயிண்ட்டைப் பாக்கச் சொல்லுங்க, மீட்டர் போர்டுக்கு இந்தப் பக்கம் உங்க எலெக்ட்ரீஷியன் பாக்கணும். அது முடியற வரைக்கும் புது சப்ளை வாங்காதீங்க.

இதெல்லாம் சரியா இருக்குன்னா கார்டைக் கழட்டிட்டு பத்து நிமிஷம் சும்மா விடுங்க, பட்டனை ஒரு அரை நிமிஷம் அமுக்கிப் பிடிங்க, அப்புறம் ஸ்பைக் பஸ்டர் எதுவும் நடுவுல இல்லாம நேரா செவுத்துச் சாக்கெட்ல சொருகிப் பாருங்க. கரண்ட் தட்டித் தட்டி வந்தா சப்ளையில பாதுகாப்பு சர்க்யூட் பூட்டிக்கிட்டு நிக்கும், முழுசா டிஸ்சார்ஜ் ஆனாத்தான் விடும். எச்டிஎம்ஐ, யூஎஸ்பி எல்லாத்தையும் பிடுங்கிட்டு வெறும் பவர் கார்டு மட்டும் வச்சு ஆன் பண்ணுங்க.

இதுக்கு அப்புறமும் ஒண்ணும் இல்லன்னா செட்டு என்ன சொல்லுதுன்னு கவனிக்கணும். உங்களுக்கு லைட்டும் இல்ல பீப்பும் இல்லங்கறீங்க, அப்படின்னா ஸ்டாண்ட்பை கரண்டே, அதாவது செட்டு அணைஞ்சு இருக்கும்போதும் நிக்கற சின்ன வோல்டேஜே வரல, சப்ளை மேல சந்தேகம் நியாயமானதுதான். பீப் ஒண்ணு வந்து நீல லைட் கண்ணைச் சிமிட்டிட்டு அணையுதுன்னா ஸ்டாண்ட்பை வருது, பெரிய 12 வோல்ட் நிக்க மாட்டேங்குது, அது சப்ளையாவும் இருக்கலாம் செட்டோட மெயின் சர்க்யூட் போர்டு ஷார்ட்டாவும் இருக்கலாம். நீல லைட் துடிச்சுக்கிட்டே நின்னு அப்புறம் அணைஞ்சா சப்ளையை விட்டுட்டு ஹார்ட் டிஸ்க், எச்டிஎம்ஐ சிப், மெயின் பிராசசர் சால்டரிங்னு அந்தப் பக்கம் போங்க. பட்டனை ஏழு செகண்ட் அமுக்கிப் பிடிச்சு ரெண்டாவது பீப் வந்து சேஃப் மோடுக்குப் போகுதுன்னா சப்ளை ஓரளவு நல்லா இருக்கு. ஹார்ட் டிஸ்க்கை வெளிய எடுத்துட்டு ஒரு தடவை ஆன் பண்ணிப் பாக்கறதும் நல்ல சோதனை, டிஸ்க்குல ஷார்ட் இருந்தா அது இல்லாம செட்டு எழுந்திரிக்கும்.

கேம் ஓடிக்கிட்டு இருக்கும்போது பட்டுனு அணையற கேஸ் தனி. சூடு அதிகம்னு ஸ்க்ரீன்ல மெசேஜ் வந்து அணைஞ்சா அது ஃபேன், தூசி, இல்ல சூட்டைக் கடத்த சிப் மேல தடவற பேஸ்ட் பிரச்சினை. மெசேஜே இல்லாம வீட்ல கரண்ட் போன மாதிரி அணைஞ்சு, திரும்ப ஆன் பண்ணினா முறையா ஆஃப் பண்ணலன்னு திட்டுதுன்னா லோடு வந்ததும் 12 வோல்ட் சாயுது. மெனுவுல மணிக்கணக்கா நிக்கும், பெரிய கேம் போட்டா அஞ்சு நிமிஷத்துல போயிரும்.

இப்போ கழட்டறது. இதுல ஒரு விஷயம் கண்டிப்பாச் சொல்லுதேன். கேம் செட்டைத் திறந்து சப்ளைப் பெட்டியை வெளிய எடுத்து மாத்தறது நீங்க பண்ணலாம், நடுவுல ஓட்டை உள்ள நட்சத்திர முனை டி8 செக்யூரிட்டி பிட் ஒண்ணும், சாதா ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும், பொறுமையும் இருந்தாப் போதும். ஆனா சப்ளைப் பெட்டியோட மூடியைத் திறக்கறது வேற வேலை. உள்ள இருக்கற பெரிய கண்டன்சர்ல ஓடும்போது 380, 390 வோல்ட் டிசி நிக்கும், கார்டைப் பிடுங்கினதும் போயிராது, செத்த சப்ளைன்னா இன்னும் மோசம், அதை இழுத்துக் குடிக்க எதுவும் இல்லாததால ரொம்ப நேரம் அப்படியே நிக்கும். டிவி மெக்கானிக் வேலை தெரியாதவங்க அதைத் தொடாதீங்க, யூடியூப்ல ஒருத்தர் ஸ்க்ரூ டிரைவரை வச்சு டப்புனு ஷார்ட் பண்ணிக் காட்டுவாரு, அதையும் பண்ணாதீங்க, கண்ணுல தெறிக்கும்.

பெட்டியைத் திறக்காமலே நெறையக் கண்டுபிடிக்கலாம். சப்ளையை மட்டும் தனியா மரப்பலகை மேல வச்சு கார்டைச் சொருகி, போர்டுக்குப் போற சின்னப் பின்கள்ல டிசி வோல்டேஜ் பாருங்க, கிரவுண்டுக்கும் ஸ்டாண்ட்பை பின்னுக்கும் நடுவுல 5 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழ, 4.8 பக்கம் வரணும். அது வரலன்னா சப்ளை போச்சு, சந்தேகமே வேண்டாம். அது வந்துட்டு 12 வரலன்னா சப்ளை போச்சுன்னு முடிவு கட்டிராதீங்க, போர்டுல இருந்து ஆன் சிக்னல் வந்தாத்தான் 12 வோல்ட் பக்கம் எழுந்திரிக்கும், தனியா மேசையில வச்சா வராது, அது அப்படித்தான். இந்த ஒரு விஷயம் தெரியாம நல்ல சப்ளையை எத்தனை பேரு குப்பையில போட்டிருப்பாங்கன்னு நெனைச்சா எனக்கு மனசு ஆறாது. கடையில நாங்க அந்தக் கண்ட்ரோல் பின்னுக்கு ஸ்டாண்ட்பை வோல்டேஜை ஒரு ரெசிஸ்டர் வழியாக் குடுத்து எழுப்பிப் பாப்போம், ஆனா மாடலுக்கு மாடல் பின் வரிசை மாறும், உங்க மாடலோட வரிசை உறுதியாத் தெரியாம அதைப் பண்ண வேண்டாம்.

வெறும் 12 வோல்ட் வந்தாலும் போதாது, லோடுல நிக்கணும். ஸ்லிம் அதிகபட்சமா 165 வாட் வரைக்கும்னு போட்டிருப்பாங்க, 2013ல வந்த முதல் மாடல் 250, ப்ரோ 310. லோடு குடுக்க கார் ஹெட்லைட் பல்பை எடுத்ததும் சொருகாதீங்க, இழை குளிர்ந்து இருக்கும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், நல்ல சப்ளை கூட ட்ரிப் ஆகி உங்களை ஏமாத்தும். 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பு நாலஞ்சு வாங்கி ஒண்ணு எரிஞ்சு சூடானதுக்கு அப்புறம் அடுத்ததைப் பேரலல்ல சேருங்க, ஒவ்வொண்ணும் 1.75 ஆம்பியர் இழுக்கும். மீட்டர்ல 11.8க்கு மேல நின்னா நல்ல சப்ளை, பல்பு சேர்க்கச் சேர்க்க 11, 10.5னு இறங்கினாலோ கீச்சுனு சத்தம் வந்தாலோ உள்ள கண்டன்சர் காஞ்சு போச்சு.

போர்டு பக்கமும் ஒரு அளவு எடுங்க. சப்ளை கழண்டு இருக்கும்போது போர்டுல 12 வோல்ட் உள்ள வர்ற தகடுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் பாருங்க, மீட்டர் ஒரு ஓம்முக்கும் கீழ காட்டி பீப்புனு கத்திக்கிட்டே இருந்தா போர்டுல ஷார்ட். அந்த செட்டுல புது சப்ளை போட்டா பீப் அடிச்சு அணையும், திரும்ப அனுப்பறது இன்னொரு சப்ளை வாங்கறதுன்னு காசும் நேரமும் போகும். இந்த அளவு எடுக்க ஒரு நிமிஷம், எடுக்காமலே சப்ளை மாத்தச் சொல்ற கடைக்குச் செட்டைக் குடுக்காதீங்க.

வேலை தெரிஞ்ச மெக்கானிக் தம்பிங்களும் இதைப் படிப்பாங்க, அவங்களுக்கு ரெண்டு வார்த்தை. சப்ளைக்குள்ள கண்ணாடி ஃபியூஸ் நடுவுல சுத்தமா அந்து இருந்தா சர்ஜ் அடிச்சிருக்கலாம், கண்ணாடி கருத்து வெள்ளி பூசின மாதிரி ஆகியிருந்தா பின்னாடி நேரடி ஷார்ட், வேரிஸ்டர், பிரிட்ஜ், பிஎஃப்சி மாஸ்ஃபெட், மெயின் மாஸ்ஃபெட்னு வரிசையாப் பாக்காம ஃபியூஸ் மாத்தாதீங்க. கம்பி சுத்தி ஃபியூஸ் போடறதை விடுங்கப்பா, அது சின்னப் பையன் படுக்கைக்குப் பக்கத்துல ராத்திரி முழுக்க ஓடற சாமான். எதை மாத்தினாலும் முதல் தடவை கரண்ட் குடுக்கும்போது சீரிஸ்ல 100 வாட் குண்டு பல்பு போட்டுக் குடுங்க, பல்பு ஒரு தடவை மின்னிட்டு மங்கினா உள்ள கண்டன்சர் சார்ஜ் ஆகுது நல்லது, முழு வெளிச்சமா நின்னா இன்னும் ஷார்ட் இருக்கு. பெரிய கண்டன்சரை அதே மாதிரி பல்பு வழியாவோ 5 வாட் ரெசிஸ்டர் வழியாவோ இறக்கிட்டு மீட்டர்ல பூஜ்யம் பாத்த பிறகுதான் கை வைக்கணும். காலையில எழுந்திரிக்காம ஹேர் டிரையர்ல சூடு காட்டினா எழுந்திரிக்கற சப்ளைன்னா கண்ட்ரோல் ஐசி பக்கத்துல இருக்கற சின்ன ஸ்டார்ட்டிங் கண்டன்சரைத்தான் முதல்ல மாத்தணும், பெருசு எல்லாம் பாக்க நல்லாத்தான் இருக்கும்.

நம்ம ஊருக்குன்னே இன்னொரு வியாதி இருக்கு, சாரல். பிஎஸ்4ல ஃபேன் இழுக்கற காத்து சப்ளை வழியாத்தான் வெளிய போகும், அதனால தூசியும் ஈரமும் அங்கதான் சேரும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் துணியே காயாத ஊர்ல அந்தத் தூசி ஈரமாகி ஹைவோல்டேஜ் பக்கம் பசை மாதிரி படியும். இதோட கரப்பான். கதகதன்னு இருட்டா இருக்கற இடம் அதுக்கு இந்த சப்ளைப் பெட்டியை விட எங்க கெடைக்கும்? போன சாரல்ல ஒரு செட்டு வந்துச்சு, சப்ளைப் பெட்டியைத் திறந்தா மாஸ்ஃபெட்டுங்கற சுவிட்சிங் பார்ட்டோட ரெண்டு காலுக்குக் குறுக்க ஒரு கரப்பான் குஞ்சு கருகி ஒட்டி இருந்துச்சு, அதுக்கு அடியில போர்டு ஒரு பட்டாணி அளவுக்குக் கரியாகி பள்ளம் விழுந்திருந்துச்சு. அந்தக் கரியைச் சுரண்டி எடுக்காம பார்ட்ஸ் மட்டும் மாத்தினா திரும்ப அதே வழியில கரண்ட் பாயும், ஏன்னா கரி கரண்டைக் கடத்தும். சுரண்டி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைச்சு, காயவச்சுப் பாத்தேன், போர்டு ரொம்ப ஆழமா எரிஞ்சிருந்ததால வேற சப்ளைதான் போட வேண்டியிருந்துச்சு. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி செவுத்தை ஒட்டி வைக்காதீங்க, சாரல் மாசத்துல துணி போட்டு மூடியும் வைக்காதீங்க, ஈரம் உள்ளயே நிக்கும்.

மத்த செட்டு வச்சிருக்கவங்களுக்கும் கொஞ்சம் சொல்லிருதேன். எக்ஸ்பாக்ஸ் 360க்கும் 2013ல வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் சப்ளை வெளிய செங்கல் மாதிரி இருக்கும். 360ல அது பச்சைன்னா ஓடுது, ஆரஞ்சுன்னா ஸ்டாண்ட்பை, சிவப்புன்னா கோளாறு. செட்டு முன்னாடி மூணு சிவப்பு வந்தா அது பெரும்பாலும் உள் போர்டு விஷயம், சப்ளை இல்ல, நாலு சிவப்பு வந்தா டிவி கேபிளைச் சரியாச் சொருகுங்க. எக்ஸ்பாக்ஸ் ஒன்ல செங்கலைச் செவுத்துல இருந்தும் செட்டுல இருந்தும் பிடுங்கி பத்து செகண்ட் விட்டுச் சொருகினாலே ரீசெட் ஆகிரும். அமெரிக்காவுல இருந்து யாராவது கொண்டு வந்த 360ன்னா அந்தச் செங்கல் மேல இன்புட்னு இருக்கற வரியைப் படிக்காம சொருகாதீங்க, 100ல இருந்து 127 வரைக்கும்னு போட்டிருந்தா நம்ம 230ல போட்டதும் போயிரும். அமெரிக்க பிஎஸ்2 பெரிய மாடலும் அப்படித்தான், 120 வோல்ட்டுக்கு மட்டும். நிண்டெண்டோ ஸ்விட்ச்ல டிவியில படம் வரலன்னா, அதை டிவியோட சேக்கற டாக்குக்கு 15 வோல்ட் வேணும், போன் சார்ஜர் போட்டா கையில வச்சு ஆடலாம் டாக் எழுந்திரிக்காது, அதோட சொந்த அடாப்டர் 15 வோல்ட் 2.6 ஆம்பியர், அதைச் செவுத்துல இருந்து அரை நிமிஷம் பிடுங்கி வச்சாலும் ரீசெட் ஆகும்.

சப்ளைதான்னு அளந்து உறுதி ஆயிருச்சுன்னா வாங்கும்போது செட்டு பேரைச் சொல்லி வாங்காதீங்க, பழைய சப்ளை மேல இருக்கற நம்பரைப் பாத்து வாங்குங்க. பிஎஸ்4 ஸ்லிம்லயே ஏடிபி-160சிஆர், 160இஆர், 160எஃப்ஆர்னு மாடலுக்குத் தகுந்த மாதிரி வந்திருக்கு, அந்தப் பழைய பெரிய பிஎஸ்4ல 240ஏஆர்ல அஞ்சு பின், 240சிஆர்ல நாலு பின், ஒண்ணுக்கு ஒண்ணு சேராது. புதுசுன்னு சொல்லி விக்கறதுல நெறைய வேற செட்டுல இருந்து கழட்டித் துடைச்சதுதான், அது தப்பில்ல, நல்ல கழட்டல் சப்ளை, பேர் தெரியாத புது டூப்ளிகேட்டை விட எவ்வளவோ மேல். தென்காசியில கெடைக்கலன்னா திருநெல்வேலி, மதுரை, இல்லன்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், புனலூர் கொல்லம் பக்கம் போக வர ஆள் இருந்தா அங்கயும் கேக்கலாம். கடையிலயே லோடு போட்டுக் காட்டச் சொல்லுங்க.

புது சப்ளை மாட்டினதும் அது நிலைக்க மூணு வேலை பண்ணணும். வீட்டு மெயின் ஸ்விட்ச் போர்டுல ஓவர் வோல்டேஜ் அண்டர் வோல்டேஜ் கட் ஒண்ணு போடச் சொல்லுங்க, 270 தாண்டினா வீட்டையே கட் பண்ணிரும், நியூட்ரல் போனாலும் டிவி ஃபிரிட்ஜ் எல்லாம் பொழைக்கும், ஸ்பைக் பஸ்டர் அந்த வேலையைச் செய்யாது, அது கண்ணிமைக்கற நேரத்துல வந்து போற அடிக்குத்தான். பழைய ரிலே ஸ்டெபிலைசர் வேண்டவே வேண்டாம், குறைஞ்ச வோல்டேஜை இந்த சப்ளையே சமாளிச்சுக்கும், ஸ்டெபிலைசர் டக்கு டக்குனு மாறும்போது வர்ற வெட்டுதான் கெடுதல். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ்னா அதுல கேம் ஓட்டாதீங்க, சைன் வேவ்னா ஓட்டலாம்.

அடுத்தது இடி. சாரல் முடிஞ்சு ஐப்பசி கார்த்திகையில, மலைக்கு அந்தப் பக்கம் துலாவர்ஷம்னு சொல்லுதாங்கல்ல, சாயங்காலம் ஆனா மலைமேல கருத்துக்கிட்டு வரும், அப்போ சுவிட்சை ஆஃப் பண்ணினா மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கணும், கூடவே லேன் கேபிளையும் பிடுங்கணும், கேபிள் டிவி வயர்ல வர்ற இடி டிவியில இருந்து எச்டிஎம்ஐ வழியா செட்டுக்கு வந்துரும், அந்த வயரையும் பிடுங்கணும். எச்டிஎம்ஐயைச் சொருகறதும் பிடுங்கறதும் ரெண்டு பக்கமும் பவர் இல்லாதப்போ மட்டும் பண்ணுங்க. ரெண்டு பின் கார்டுல எர்த் கிடையாது, அதனால செட்டுல இருக்கற தகரத்தைத் தொட்டா லேசாச் சுர்ருனு இருக்கும், அந்த மிச்ச வோல்டேஜ்தான் எச்டிஎம்ஐ சிப்பைச் சாகடிக்கும். சுர்ருனு இருக்கறது கை உதறற அளவுக்குப் போச்சுன்னா மட்டும் செட்டைக் கொண்டு வந்து காட்டுங்க.

தம்பி, நீங்க இன்னிக்குப் பண்ண வேண்டியது, அந்த சவூதிப் பிளக்குல ஃபியூஸ், சாக்கெட்ல அயர்ன் பாக்ஸ் போட்டும் போடாமலும் வோல்டேஜ், அப்புறம் வேற கார்டு போட்டு ஒரு முயற்சி. அதுலயும் வரலன்னா சப்ளையைக் கழட்டி 4.8 வருதா, போர்டுல ஷார்ட் இருக்கான்னு ரெண்டு ரீடிங் எடுத்து, சப்ளை மேல இருக்கற ஸ்டிக்கர் நம்பரோட எழுதிப் போடுங்க, எந்த சப்ளை தேடணும், தேடணுமா வேண்டாமான்னு சொல்லுதேன்.